'அனலிசிஸ்' வந்த இடமெல்லாம் 'பகுப்பாய்வு' போடலாமா?

#1 சொல்வேட்டை | திங்கள், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். ஆய்வகப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 180 பக்கம். 'அனலிசிஸ்' கண்ணில் பட்ட இடமெல்லாம் 'பகுப்பாய்வு' என்று போட்டுக்கொண்டே போய்விட்டேன். மெய்ப்புப் பார்த்த அம்மா 31ஆம் பக்கத்தில் பென்சிலால் சுழித்து, "ரத்தப் பகுப்பாய்வு என்று யார் சொல்கிறார்கள்? ரத்தப் பரிசோதனை" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். சரி என்று மாற்றினேன். அடுத்த பக்கத்தில் 'உப்புப் பகுப்பாய்வு'. அதற்கு ஒரு டிக். அதற்கடுத்து நிறமாலை. அங்கே 'ஆய்வு' போதுமாம். செய்தித்தாளில் அதே சொல் 'அலசல்' ஆகிறது. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரின் ஓவர், மெய்டன், ரன், விக்கெட் கணக்குக்கும் இங்கிலீஷில் அதே பெயர்தான்.

கிரேக்கத்தில் மூலச்சொல்லுக்கு 'அவிழ்த்தல்' என்று பொருள். முடிச்சை அவிழ்ப்பதுபோல. நம்மிடம் 'பகு' இருக்கிறது. பகுதி, பகிர்வு எல்லாம் அதன் பிள்ளைகள். 'அக்குவேறு ஆணிவேறாக', 'புட்டுப்புட்டு வைத்தான்' என்று பேச்சிலும் பிரிப்பதைத்தான் சொல்கிறோம். அலசுவது மட்டும் துணி துவைக்கிற இடத்திலிருந்து வந்தது.

என் கேள்வி சொல்லைப் பற்றியது மட்டுமல்ல. நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் வேலையில் 'அனலிசிஸ்' என்று செய்வது ஒரே காரியம்தானா? இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்றா?

#2 ஜிம்மி_2 | திங்கள், இரவு 9.20

அனலிசிஸ்னே போட்டுடுங்க ப்ரோ. எல்லாருக்கும் புரியும். 😀

#3 பியூரெட் | திங்கள், இரவு 10.05

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வு முப்பது வருஷம் நடத்தினேன். உப்புக்கு 'பகுப்பாய்வு' என்ற சொல் கச்சிதம். ஆனால் நாங்கள் உப்பை உடைப்பதில்லை. அதைப் பேச வைக்கிறோம், அவ்வளவுதான்.

கரைசலில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் தயிர்போல வெள்ளையாகத் திரிகிறது. அம்மோனியம் ஹைட்ராக்சைடு ஊற்றியதும் அந்தத் தயிர் கரைந்து காணாமல் போனால் குளோரைடு. நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம். புதிதாகக் கரைத்த பெரஸ் சல்பேட்டைச் சேர்த்துவிட்டு, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் சுவரோரமாக வழிய விட வேண்டும். இரண்டு திரவமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மோதிரம்போல வளையம் தெரியும். அவசரப்பட்டுக் குழாயை ஆட்டிவிட்டால் போச்சு, வளையம் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

பையன்கள் கெட்டிக்காரர்கள். நீலமாக இருந்தால் காப்பர் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு, செய்யாத சோதனைக்கெல்லாம் முடிவு எழுதி விடைத்தாளை நிரப்புவார்கள். முக்கால்வாசி நேரம் விடை சரியாகவே இருக்கும். நான் மதிப்பெண் குறைப்பேன், சண்டைக்கு வருவார்கள். காரணம் இதுதான்: உப்பிலுள்ள உலோகங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கும்போது வரிசை முக்கியம். இரண்டாம் தொகுதியில் ஹைட்ரஜன் சல்பைடைப் போதுமான அளவு செலுத்தாவிட்டால் (அந்த அழுகின முட்டை நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது), அங்கே முழுதாகப் படியாத உலோகம் அடுத்தடுத்த தொகுதிகளில் வந்து குழப்பும். அப்புறம் இல்லாததெல்லாம் இருப்பதாகத் தோன்றும்.

கையேட்டில் இரண்டு சொல்லையும் கலந்துவிடாதீர்கள். 'என்ன இருக்கிறது' என்பது பண்பறி பகுப்பாய்வு. 'எவ்வளவு இருக்கிறது' என்பது பருமனறி பகுப்பாய்வு. பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்ப்பது (டைட்ரேஷன்) இரண்டாவது.

#4 லேப்_மதுரை | திங்கள், இரவு 11.31

நைட் டூட்டில இருந்து எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

அந்த அம்மா பென்சில்ல எழுதினது சரி. நாங்க ரத்தத்தப் 'பகுப்பாய்வு' பண்றதில்ல, 'டெஸ்ட்' பண்றோம். ஆனா சார் சொன்ன "இல்லாதது இருக்கிறதாத் தோணும்" இருக்கே, அதுக்கு ஒண்ணு சொல்றேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு பெரியவருக்கு நான்தான் ரத்தம் எடுத்தேன். நரம்பு கிடைக்கல. மெல்லிசு ஊசிய வச்சு சிரிஞ்ச பட்டுனு இழுத்தேன். ஊசியக் கழட்டாமலே ட்யூபுக்குள்ள அமுக்கி விட்டேன். ரிசல்ட்ல பொட்டாசியம் 7.2. சாதாரணமா 3.5ல இருந்து 5 சுமாருக்குத்தான் இருக்கணும். 7ங்கிறது இதயம் நிக்கிற கணக்கு. வார்டே ஓடுது. எங்க சீனியர் அக்கா மட்டும் மெஷின் பக்கமே போகல. ட்யூபத் தூக்கி ட்யூப்லைட் வெளிச்சத்துல பிடிச்சாங்க. மஞ்சளா இருக்க வேண்டிய சீரம் ரோஸ் கலர்ல இருந்துச்சு. "நீ எடுக்கும்போதே செல்ல ஒடச்சிட்டடா"ன்னாங்க. சிவப்பணு ஒடஞ்சா உள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய கொட்டிரும். மறுபடி எடுத்தோம், 4.1.

மெஷின் பொய் சொல்லல. அது பார்த்தது உண்மையிலயே 7.2தான். அந்தப் பெரியவர் ஒடம்புலதான் அது இல்ல.

சுகரும் அப்படித்தான். சாதா ட்யூப்ல எடுத்து ரத்தத்த அப்படியே வெளிய வச்சா, செல்லுங்க அதுபாட்டுக்குச் சர்க்கரையத் தின்னும். மணிக்கு 5லருந்து 7 சதவீதம் குறையும். அதான் சாம்பல் மூடி ட்யூப். அதுல புளூரைடு இருக்கும். கையேட்டுல இது இருக்கான்னு பாருங்க. இல்லன்னா மொதல்ல அதச் சேருங்க, சொல்லப் பத்தி அப்புறம் பேசலாம்.

#5 புலவர் | செவ்வாய், காலை 6.02

சொல்வேட்டைத் தம்பிக்கு வணக்கம். 'பகுப்பு' என்றாலே எனக்கு நினைவு வருவது பகுபதம். நன்னூலார் பவணந்தியார் சொன்ன ஆறு உறுப்பு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். நடந்தனன் என்றால் நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. ஒரே 'அன்' இரண்டு முறை வருகிறது, இரண்டுக்கும் வேறு வேலை. பிரித்தால்தான் இது தெரியும்.

ஆனால் பவணந்தியார் அதோடு நிறுத்தவில்லை. பகாப்பதம் என்று ஒன்றையும் வரையறுக்கிறார். அங்கே போடுகிற முதல் நிபந்தனையே "பகுப்பால் பயன்அற்று" என்பதுதான். பிரிக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை. பிரித்தால் பயனில்லை என்கிறார். மரம் என்பதை ம, ரம் என்று எவரும் வெட்டலாம். வெட்டியபின் கையில் இருப்பது வெறும் ஓசை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு 13ஆம் நூற்றாண்டிலேயே விதி எழுதிவிட்டார். இந்தக் காலத்துக் கணினிப் பிள்ளைகள் எதையும் அணு அணுவாகப் பிரித்துக்கொண்டே போவதைப் பார்க்கும்போது அதைப் படித்துக்காட்டத் தோன்றுகிறது.

இன்னொன்று. 'வேங்கை' என்பது முழுதாக நின்றால் மரம் அல்லது புலி. வேம், கை என்று பிரிந்தால் வேகின்ற கை. எழுத்தில் மாற்றம் ஏதும் இல்லை. எந்த இடத்தில், என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே வெட்டு விழுகிறது.

#6 எல்லை_பூஜ்யம் | செவ்வாய், காலை 10.44

எல்லோரும் பிரிப்பது, பிரிப்பது என்கிறீர்கள். எங்கள் துறையில் (கணிதம்) அனலிசிஸ் என்றால் எல்லை, தொடர்ச்சி, முடிவிலாத் தொடர்கள். பள்ளியில் 'நுண்கணிதம்' என்று படித்ததன் அடித்தளத்தைத் தட்டிப் பார்க்கிற பாடம். அதில் யாரும் எதையும் கூறு போடுவதில்லை. 'பகுமுறை வடிவக் கணிதம்' என்று தமிழ்ப் பாடநூலில் போட்டதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் 'பகு'மேல் வருத்தம்தான். வட்டத்துக்குச் சமன்பாடு எழுதுகிறோம். யாரை யாரிடமிருந்து பகுக்கிறோம்?

பழைய பொருளே வேறு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பாப்பஸ் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்: எதைத் தேடுகிறோமோ அது கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள், அது உண்மையாக இருக்க எது உண்மையாக இருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போ, ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் போய் முட்டும்வரை போ. அது அனலிசிஸ். அங்கிருந்து திரும்பி முன்னோக்கி வந்து நிறுவுவது சிந்தெசிஸ். அதாவது அவிழ்த்தல் என்பது துண்டு போடுவதல்ல, நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவது.

#7 ஜிம்மி_2 | செவ்வாய், காலை 10.51

அப்போ நீலத்தைப் பார்த்து காப்பர்னு முடிவு பண்ணிட்டு பின்னாடி போன பசங்கதான் கரெக்ட்டா அனலிசிஸ் பண்ணிருக்காங்க. மார்க்கைத் திருப்பிக் குடுங்க சார்!

#8 பியூரெட் | செவ்வாய், காலை 11.15

ஜிம்மி தம்பி, பாப்பஸ் பின்னால் போனபிறகு முன்னால் திரும்பியும் வந்தார். என் பையன்கள் திரும்பி வரவே இல்லை. மார்க் கிடையாது.

கணிதப் பேராசிரியரின் மறுப்பை ஏற்கிறேன். உடைக்காத, தொடக்கூட முடியாத பகுப்பாய்வும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணம் நம் பக்கமாகத்தான் போனது. பிரெஞ்சுக்காரர் ஜான்சென் குண்டூரில் நிறமாலைமானியோடு (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி) உட்கார்ந்தார். சென்னை வானாய்வகத்துப் போக்சன் மசூலிப்பட்டினத்தில். சூரியனின் விளிம்புக் கொழுந்துகளில் பிரகாசமான கோடுகள் தெரிந்தன. அதிலிருந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் அதன்மேல் விழவில்லை. அதே வருஷம் இங்கிலாந்தில் லாக்கியர் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்து, பூமியில் அறியாத தனிமம் என்று துணிந்தார். ஹீலியம் என்று பேர் வைத்தார்கள். பூமியில் ராம்சே அதைப் பிடித்தது 1895இல். 27 வருஷம் அந்தத் தனிமம் ஒரு மஞ்சள் கோடாக மட்டும் இருந்தது.

#9 வயக்காட்டான் | செவ்வாய், மாலை 7.38

படிச்சவங்க பேசுற இடத்துல நுழையறேன், மன்னிச்சுக்குங்க. மதுரைத் தம்பி சொன்ன ரத்தக் கதையேதான் எங்க மண்ணுக்கும்.

எங்கப்பா மண் பரிசோதனைக்கு மண்ணு எடுத்தாரு. வரப்போரம், ஒரே எடம். போன வருஷம் எருக்குமி கெடந்த எடம்னு அவருக்கு ஞாபகம் இல்ல. அட்டைல அங்ககக் கரிமம் 'அதிகம்'னு வந்துச்சு. தழைச்சத்து கொறச்சுப் போடச் சொல்லுச்சு. போட்டோம். நாப்பதாம் நாள் வயலு பூரா வெளிறி மஞ்சளா நிக்குது, அந்தக் குமி இருந்த மூலை மட்டும் கருகருன்னு பச்சை. அதப் பாத்துத்தான் எங்களுக்கே வெளங்குச்சு. அட்டை எங்க வயலப் பத்தி சொல்லல, அந்த மூலையப் பத்திச் சொல்லியிருக்கு.

இப்ப நானே எடுக்குறேன். வரப்பு, வாய்க்கா, மர நெழலு, எருக்கெடந்த எடம் எல்லாம் தள்ளி, வளஞ்சு வளஞ்சு நடந்து ஒரு வயலுக்குப் பத்துப் பதினஞ்சு எடம். மேல கெடக்குற சருகத் தள்ளிட்டு 'வி' மாதிரி வெட்டி, வெட்டுன ஓரத்துல மேலருந்து அடி வரைக்கும் ஒரே கனமாச் சுரண்டணும். நெல்லுக்கு அரை அடி ஆழம். அத்தனையும் துணில கொட்டிக் கலந்து, வட்டமாப் பரப்பி, நாலாக் கோடு போட்டு, எதிரெதிர் ரெண்டு பங்க எடுத்துக் கடாசு. மிச்சத்தக் கல, மறுபடி நாலாக்கு. அரைக் கிலோ வர்ற வரைக்கும். உரச் சாக்குல மட்டும் அள்ளிறாதீங்க.

கூறு போடுறதுன்னா எங்களுக்கு இதுதான். சந்தைல தக்காளிக் கூறு கட்டுற மாதிரி. ஆனா கூறு போடுறதுக்கு முன்னாடி கலக்கணும்.

#10 லேப்_மதுரை | செவ்வாய், மாலை 7.50

அண்ணே, கடைசி வரிய அப்படியே எங்க லேப் சுவத்துல எழுதி ஒட்டப் போறேன். நாங்களும் ட்யூப எட்டுத் தரம் மெதுவாக் கவுத்து நிமித்துவோம்.

#11 ஏக்யூஎல்_திருப்பூர் | செவ்வாய், இரவு 10.20

பனியன் கம்பெனில குவாலிட்டி. 2,000 பீஸ் ஆர்டர்னா 125 பீஸ் எடுத்துப் பார்ப்போம். ஏக்யூஎல் (ஏத்துக்கிற பழுது அளவு) 2.5ன்னா பழுது 7 வரைக்கும் பாஸ், 8 ஆனா மொத்த லாட்டும் ரிட்டர்ன். மேலாக இருக்கிற பெட்டியிலேயே 125ஐயும் எடுத்துட்டா வேலை சீக்கிரம் முடியும், பேக்கிங் பசங்களும் நல்ல பீஸை மேலதான் வச்சிருப்பாங்க. 😀 அதனால பெட்டி நம்பரை நாங்களே சொல்லி அடியிலிருந்து உருவச் சொல்வோம். பனியனா மண்ணா, அவ்வளவுதான் வித்தியாசம்.

#12 கோத்தகிரி | புதன், காலை 8.15

மாதிரி எடுப்பதைத் திருப்பூர்க்காரர் பேசியதால் சொல்கிறேன். பழுது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, போதுமான சாட்சி சேர்ந்த கணத்திலேயே நிறுத்திவிடும் முறைக்குத் தொடர் பகுப்பாய்வு என்று பேர். புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். போர்க்காலத்தில் ரகசியமாக வைத்திருந்தார்கள். 125ஐயும் எண்ண வேண்டியதில்லை, லாட் படுமோசம் என்றால் இருபதாவதிலேயே தெரிந்துவிடும்.

அவருடைய இன்னொரு வேலைதான் பிரபலம். சண்டைக்குப் போய்த் திரும்பிய விமானங்களில் குண்டு துளைத்த இடங்களைக் கணக்கெடுத்து, எங்கே கவசம் போடலாம் என்ற கேள்வி. துளை அதிகம் உள்ள இடத்தில் என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். வால்ட் கணக்கு திரும்பாத விமானங்களையும் சேர்த்துக்கொண்டது. எஞ்சினில் அடிபட்டவை திரும்பி வந்தால்தானே அங்கே துளை தெரியும்.

எங்கள் மலைக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு துக்கமானது. இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுக்காக வந்திருந்தவர், 1950 டிசம்பர் 13 அன்று மனைவியோடு வந்த விமானம் நீலகிரியில் மோதி இறந்தார். 48 வயது. எங்கள் ஊரில் அந்த விபத்தைக் கேள்விப்பட்ட பெரியவர்கள் உண்டு. அதில் இருந்தவர் யார் என்று நான் கல்லூரியில் புள்ளியியல் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

#13 எல்லை_பூஜ்யம் | புதன், காலை 9.30

நல்ல பதிவு. ஒரே திருத்தம், உங்களுக்கு அல்ல, இதைப் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் தேடப்போகிறவர்களுக்கு: துளைகளுக்குச் சிவப்புப் புள்ளி போட்டு இணையத்தில் சுற்றும் அந்த விமானப் படம் வால்ட் வரைந்ததல்ல. பிற்காலத்தில் விளக்கத்துக்காக யாரோ செய்தது. அதிகாரிகளோடு அவர் வாதாடிய காட்சியும் சொல்பவர் கைவண்ணம்தான். வால்ட் விட்டுப்போனது 1943இல் எழுதிய குறிப்புகள், முழுக்கச் சமன்பாடு.

#14 நெய்தல் | புதன், மதியம் 2.10

இதுவரை பேசியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மாதிரி சுத்தமாக இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. மாதிரியே எடுக்காமல் மொத்தப் பேரையும் எண்ணினாலும் தப்பு நடக்கும்.

1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புச் சேர்க்கை. விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேர், 44 சதவீதத்தினருக்கு இடம். பெண்கள் 4,321 பேர், 35 சதவீதத்தினருக்கு. பார்த்தவுடன் பாரபட்சம் என்றுதான் சொல்வோம். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான துறைகளில் அந்த ஓரவஞ்சனை காணோம். பெண்கள் அதிகம் விண்ணப்பித்தது இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்கு. 1975இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

உடனே "பார்த்தீர்களா, பிரித்தால் உண்மை வருகிறது" என்பீர்கள். அதிலும் எனக்குச் சம்மதமில்லை. துறைவாரி என்ற வெட்டு, "சேர்க்கைக் குழு ஓரவஞ்சனை செய்ததா" என்ற கேள்விக்குப் பதில். பெண்கள் ஏன் அந்தத் துறைகளிலேயே குவிந்தார்கள், நெருக்கடியான துறைகளில் ஏன் இடம் கூட்டவில்லை என்று கேட்டால், 35 என்ற அந்த மொத்த எண்தான் பேசும். புலவர் ஐயாவின் வேங்கைதான் இது. புலியா, வேகின்ற கையா என்பது எழுத்தில் இல்லை.

#15 புலவர் | புதன், மாலை 5.40

நெய்தல் அம்மாவுக்கு நன்றி. அமெரிக்காவரை வேங்கையை ஓட்டிப் போய்விட்டீர்கள்.

#16 சொல்வேட்டை | வியாழன், இரவு 9.55

மூன்று நாளாக வேலையை நிறுத்திவிட்டு இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கையேட்டில் செய்தது:

ரத்தம், சிறுநீர், மண், தண்ணீர் எல்லாம் 'பரிசோதனை'. உப்புக்கும் தரம் பார்ப்பதற்கும் 'பகுப்பாய்வு', பியூரெட் ஐயா சொன்ன பண்பறி, பருமனறியோடு. நிறமாலைக்கு 'ஆய்வு'. புள்ளிவிவர இயலில் 'பகுப்பாய்வு' என்றே விட்டுவிட்டேன். பேராசிரியர் கோபிப்பார், ஆனால் நூலைப் பிடித்துப் பின்னால் போவதற்கு ஒரு சொல்லில் தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

மதுரைத் தம்பி கேட்டது: ரோஸ் நிற சீரம் பற்றி மூலநூலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதுவும் பின்னிணைப்பில். முன்னால் கொண்டுவர அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.

இப்போது வேறொன்றில் சிக்கியிருக்கிறேன். 'சாம்பிள்'. 'மாதிரி' என்று போட்டால் "அந்த மாதிரி மாதிரியை எடுக்கவும்" என்று வாக்கியம் கோணுகிறது. 'மாதிரிக்கூறு' என்று ஒரு அகராதி சொல்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

#17 லேப்_மதுரை | வியாழன், இரவு 10.02

சாம்பிள்தான். வேற எதச் சொன்னாலும் நர்ஸ் என்னத் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

#18 வயக்காட்டான் | வெள்ளி, காலை 5.50

எங்க ஊருல 'மண்ணு எடுத்தாச்சா'ன்னுதான் கேப்போம். அதுக்குப் பேரே இல்ல.